டிசம்பரில் மலையேறாத கார்

ஆவணியில் ஒரு நாள் காலை, நான் ஒரு வேனுக்கு அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பாளையங்கோட்டையிலிருந்து சாருடைய மனைவி டீச்சரம்மா. "சாரு போயிட்டாவ, முருகையா. காப்பி கேட்டாவ. கொண்டு வாரதுக்குள்ள..." என்றார். நான் வேனுக்கு அடியிலேயே கிடந்தேன். பெயின்ட் அடிக்க விட்டிருந்த சாருடைய கார் ஷெட்டில் நின்றது. வெளியே வந்தால் அதைப் பார்க்க வேண்டும்.

தேவசகாயம் சாரிடம் கணக்குப் படித்தவர்களும் அவரோடு கோயிலுக்குப் போனவர்களும் இந்த நினைவு மலரை வாசிப்பீர்கள். நான் அவருடைய காரை ரிப்பேர் பார்த்தவன். இந்த வருஷம்தான் எழுதப் படிக்கப் பழகினேன். ஒரு வரியை எழுதி, அதை நானே திரும்ப வாசிக்கும்போது வரும் சந்தோஷம் கொஞ்சமல்ல. அது இப்படி ஒரு காரியத்துக்கா பயன்பட வேண்டும்?

அந்தப் பழைய அம்பாசடர் முன்பு குன்னூரில் ஒரு எஸ்டேட்டில் ஓடியது. அதனால் அதில் ஹீட்டர் உண்டு. எஞ்சினில் சூடான தண்ணீர் இரண்டு குழாய் வழியாக ஒரு பெட்டிக்குள் போய்த் திரும்பும். கால்மாட்டில் வெதுவெதுப்பாகக் காற்று வரும். போன ஐப்பசியில், தேய்ந்துபோன பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் வைக்கச் சொன்னார் சார். எங்கள் ஊர் ஷெட்டுகளில் எஞ்சின் மாற்றினால் முதலில் ஹீட்டரைப் பிடுங்குவோம். குழாயை அடைத்துவிட்டுப் பெட்டியை எடைக்குப் போட்டுவிடுவோம். திருநெல்வேலி வெயிலில் யார் சூடு கேட்கப் போகிறார்கள்? நானும் அப்படியே செய்தேன்.

வண்டி எடுக்க வந்தவர் குனிந்து பார்த்தார்.

"இங்கன ஒரு பெட்டி இருந்துச்சே, எங்க வே?"

"நம்ம ஊருக்கு அது எதுக்கு சார்? எடைக்குப் போட்டாச்சு. கால் வைக்க எவ்வளவு இடம் கிடைச்சிருக்கு பாருங்க."

பெட்டி இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். "அது டீச்சருக்கு உள்ளது வே" என்றார்.

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். அவர்களுடைய ஒரே மகள் குன்னூரில் நர்ஸாக இருந்து அங்கேயே இறந்துபோனாள். ஒவ்வொரு டிசம்பரிலும் அவள் இறந்த நாளில் இருவரும் கல்லறைக்குப் போவார்கள். டீச்சரம்மாவுக்கு வாதம் வந்த ஒரு கால் மடங்காது. அந்தக் காரின் முழுநீள முன்சீட்டில்தான் சரிந்து உட்கார்ந்து அதை நீட்ட முடியும். குளிர் பட்டால் அந்தக் கால் இழுத்துக்கொள்ளும்.

பேட்டைக்கு ஓடிப்போய்ப் பழைய இரும்புக் கடையில் கேட்டேன். பெட்டியை நசுக்கி லாரியில் அனுப்பியாகிவிட்டது. அந்த டிசம்பரில் அவர்கள் போகவில்லை.

ஒரு பழைய வேனின் ஹீட்டர் கிடைப்பதற்குள் தை பிறந்துவிட்டது. அது அகலமாக இருந்ததால் டேஷ்போர்டுக்குக் கீழே நுழையவில்லை. ஒரு பக்கத்துத் தகரத்தை அறுத்து மடித்தேன். டீசல் எஞ்சினில் தண்ணீர் வரும் வாய் எதிர்ப்பக்கம் இருந்தது. பெட்டியின் குழாயைவிட அது பெரியது. பெரிய ஹோஸையும் சின்ன ஹோஸையும் சேர்க்கப் பித்தளையில் ஒரு துண்டு கடைந்தேன். மூன்று தடவை ஒழுகியது. சார் தினமும் டவுண் பஸ்ஸில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். எந்த ஹோஸ் எது என்று நான் குழம்பியபோது, சாக்பீஸை எடுத்து ஒன்றில் 'போக' என்றும் மற்றதில் 'வர' என்றும் எழுதினார். அதுவரை எழுத்தறியாத எனக்கு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தார்; நான் முதலில் வாசித்தது அதைத்தான். "ஒண்ணும் அவசரமில்ல, பைய படியும்" என்பார்.

சித்திரையில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஹீட்டரைத் திறந்து, தாழையூத்து வரை ஓட்டிப் பார்த்தோம். திரும்பி வந்து இறங்கியபோது இரண்டு பேர் சட்டையையும் பிழியலாம்.

"என்ன அண்ணாச்சி, ஆத்துக்குப் போகாம கார்லயே குளிச்சாச்சா?" என்றார் டீக்கடைக்காரர்.

"நீரும் ஏறும் வே, சோப்புப் போட்டு விடுதோம்" என்றார் சார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "இன்னும் எட்டு மாசந்தான்" என்று காரின் கூரையைத் தட்டினார். அதற்குப் பிறகு அவர் நாலு மாசம்கூட முழுதாக இருக்கவில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாவது வாரம் காரை வீட்டுக்குக் கொண்டுபோனேன். "டிசம்பர்ல நான் ஓட்டுதேன் டீச்சரம்மா, போயிட்டு வருவோம்" என்றேன். அவர் மெல்ல ஏறி உட்கார்ந்து, ஹீட்டரைத் திறக்கச் சொன்னார். வெளியே உச்சி வெயில். காலில் காற்றுப் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். "நல்லாத்தான் செஞ்சிருக்க" என்றார். பிறகு, "அணைச்சிரு முருகையா. அங்க போயி அவகிட்ட நான் ஒரு நாளும் பேசினதில்ல. சாருதான் கல்லறைக்கு முன்னால நின்னு பேசுவாவ. நான் மட்டும் போயி என்னத்தச் சொல்ல?" என்றார். காரை விற்றுவிடச் சொல்லிவிட்டார்.

போன டிசம்பரில் ஏன் மலைக்குப் போகவில்லை என்று கோயிலில் நீங்கள் கேட்டதற்கு, தனக்குக் காய்ச்சல் என்று சார் சொன்னாராம். டீச்சரம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். சாருக்குக் காய்ச்சல் இல்லை. மகளிடம் கடைசியாக ஒரு முறை போயிருக்க வேண்டிய வருஷம் அது. போகவிடாமல் செய்தவன் நான்.

பொய்யே சொல்லாத மனிதர் என்று இந்த மலரில் எல்லாரும் எழுதியிருப்பீர்கள். ஒரு பொய் சொன்னார். அது எனக்காகச் சொன்னது. இந்த எழுத்தைத் தவிர, அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அது ஒன்றுதான்.