சிக்னலில் நடுங்கிய கார்

ஓடும்போது நம் கார் நன்றாகத்தான் ஓடும். சிக்னலில் நின்றால்தான் கோளாறு. இன்ஜின் உறுமும், அடங்கும், மறுபடி உறுமும். குளிர்காய்ச்சல் வந்த ஆள் போல வண்டியே நடுங்கும்.

"ஏனுங்க, இதுல உக்காந்தா பல்லெல்லாம் கொட்டிப்போயிருமுங்க. வித்துப்போடுங்க," என்றாள் உங்கள் அம்மா. ஞாயிற்றுக்கிழமை கார் பார்க்கப் பொள்ளாச்சியிலிருந்து ஓர் ஆளையும் வரச் சொல்லிவிட்டாள்.

எனக்கோ விற்க மனமில்லை. நான் முதன்முதலில் வாங்கிய கார் அது. ஞாயிற்றுக்கிழமைக்குள் நடுக்கத்தின் காரணத்தைக் கண்டுபிடித்தால் கார் தப்பிக்கும். படித்தது பத்தாவதுதான் என்றாலும் ஆராய்ச்சியில் இறங்கினேன்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து இன்ஜினை ஓடவிடுவேன். நீங்கள் இருவரும் சீட்டு சீட்டாக மாறி உட்கார்ந்து "ஆ..." என்று இழுக்க வேண்டும். எந்தச் சீட்டில் குரல் அதிகம் உதறுகிறதோ, அந்தப் பக்கம்தான் கோளாறு என்பது என் கணக்கு. எல்லாச் சீட்டிலும் நீங்கள் ஆட்டுக்குட்டி போலவே கத்தினீர்கள். பக்கத்து வீட்டு அக்கா மதில் மேல் எட்டிப் பார்த்து, "கொழந்தைகளுக்கு மீன்முள்ளு ஏதாச்சும் சிக்கிருச்சுங்களா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சிக்காரர் வந்தார். ஏறி உட்கார்ந்து இன்ஜினைப் போட்டார். தூங்குகிற எருமை மாதிரி கார் அசையாமல் நின்றது.

"வண்டி அருமைங்க. எடுத்துக்கறேனுங்க."

"இல்லீங்க, இது நடுங்குமுங்க. மறைச்சு விக்கக்கூடாது பாருங்க. எந்திரிங்க, காட்டறேன்," என்று நான் ஏறி உட்கார்ந்தேன். நடுங்கியது.

"பாத்தீங்களா!" என்றேன், பரிசு வாங்கியவன் போல.

அவர் கதவோரம் குனிந்து பார்த்தார். "ஏனுங்க, சும்மா நிக்கறப்ப ஆக்சிலரேட்டர் மேல எதுக்குங்க காலை ஆட்டறீங்க?"

சோறு தின்னும்போதும் டிவி பார்க்கும்போதும் ஆட்டாதீர்கள் என்று அம்மா திட்டுகிற அதே கால்தான். எடுத்தேன். கார் அடங்கிவிட்டது.

அம்மா அவரைப் பார்த்தாள். "வண்டி விக்கறதில்லீங்க. இவரை வேணும்னா கூட்டிட்டுப் போறீங்களா?"

"வேண்டாமுங்க அம்மணி. அப்புறம் எங்கூட்டு வண்டி நடுங்கும்."

காபி குடித்துவிட்டுப் பஸ் ஏறினார்.

இப்போது சிக்னலில் நின்றதும் பின்சீட்டிலிருந்து, "அப்பா, கால்!" என்று கத்துகிறீர்கள். நானும் நல்ல பிள்ளையாகக் காலை எடுத்துவிடுகிறேன். ஆனாலும் என் சீட்டின் முதுகு மட்டும் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. அதை ஆராய 'ஆ' தேவைப்படவில்லை, கண்ணுகளா. திரும்பிப் பார்த்தேன், உங்கள் கால்கள்.