பேச்சுக்கு வழிவிடும் கை

கடைசிப் பாட்டின் நடுவில் பியானோவில் அவர் கைகள் மறுபடியும் தணிந்தன. கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்த ஒலிப்பதிவாளர் பதிவை நிறுத்தினார்.

"சார், இங்க ஏன் அமுங்குது?"

"யாரோ பேசற மாதிரி இருந்துச்சு."

"அந்த ரூம்ல உங்களத் தவிர ஈ காக்கா கூட இல்ல சார்."

முப்பத்தோரு வருடமாக ஓட்டல் வரவேற்பறையில் ஜாஸ் பியானோ வாசிக்கிறவர். சோபாவில் யாராவது வாய் திறந்தால் விரல்கள் தாமாகத் தணியும். பேச்சு ஓய்ந்ததும் எழும். அதனால்தான் அந்த வேலையில் நிலைத்தார். கட்டைகளைப் பார்க்கமாட்டார், வாய்களைப் பார்ப்பார். கறுப்புக் கோட்டின் முழங்கையில் இரண்டு தையல். ஐம்பத்தெட்டு வயதில் முதல் ஆல்பம். ஆறு பாட்டு முடிந்துவிட்டது; ஆறும் அடுத்தவர்கள் மெட்டுக் கட்டியவை. அவரே கட்டியது இது ஒன்றுதான். ஐந்து மணிக்கு ஸ்டூடியோ வேறொருவருக்கு.

பதினோரு தடவை வாசித்தாயிற்று. பதினோரு தடவையும் இல்லாத யாருக்கோ வழிவிட்டிருந்தார். மணிக்கட்டைப் பிடித்துவிட்டபடி, "விட்டுடலாம்பா, ஆறோட போகட்டும்" என்றார்.

சாப்பாடு கொண்டுவந்து ஒலிப்பதிவாளர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்ட மனைவிக்குப் பொறுக்கவில்லை. "வீட்ல நான் தொண்டை கிழியக் கத்தறேன், ஒரு நாளாவது கைய எடுத்திருக்கீங்களா? இங்க இல்லாத ஆளுக்கெல்லாம் மரியாதையா?"

ஒலிப்பதிவாளர் சிரிக்கவில்லை. மைக்கை அவள் பக்கம் நகர்த்தினார். "அப்படியே பேசிட்டே இருங்கக்கா. அவர் ஹெட்போன்ல மட்டும்தான் விழும், பதிவுல வராது."

பாட்டு தொடங்கியது. குளியலறைக் குழாய் ஒழுகுவது, மாப்பிள்ளை பத்து நாளாகப் போன் செய்யாதது, மூட்டுவலி மாத்திரை தீர்ந்தது என்று அவள் அடுக்கினாள். "கேக்குதா? எங்க கேக்கப் போகுது."

கை ஓரிடத்திலும் தணியவில்லை. ஆறு நிமிடம் பத்து விநாடி. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "மாத்திரை எப்பத் தீந்துச்சு?"

மறுநாள் நான்கு மணிக்கு ஓட்டலுக்குப் போனார். சோபாவில் நால்வர் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்; வாசித்த அவர் கை தணியவில்லை. மேலாளர் வந்து, "இன்னிக்கு என்ன சார், கொஞ்சம் மெதுவா" என்றார். அவர் தலையாட்டி எழுந்தார். சத்தம் அடங்கட்டும் என்று, பியானோவின் கம்பிகளுக்கு மேல் திறந்திருந்த பெரிய மூடியை இறக்கி வைத்தார். உட்கார்ந்து அதே அழுத்தத்தில் வாசித்தார்.