அக்காவுக்கு எப்போது லீவு?

அந்த பிஸ்கட் தொழிற்சாலைக்கு எண்ணெயும் ரசாயனமும் கொண்டுவரும் வியாபாரிகள், வாசலில் வண்டியை நிறுத்தியதும் முதலில் காவலாளியைத் தனியாகக் கூப்பிடுவார்கள். "அக்காவுக்கு எப்ப லீவு?" என்று காதோடு கேட்பார்கள். "தெரியாது" என்பார் அவர், கரகரத்த குரலில். தெரியும், சொல்லமாட்டார்.

அக்கா என்பவள் கிடங்குப் பொறுப்பாளர். ஐம்பதை நெருங்கும் வயது, நெற்றிக்கு ஏற்றி வைத்த கண்ணாடி, எப்பேர்ப்பட்ட ஆளையும் ஒரே கேள்வியில் உட்கார வைத்துவிடும் வாய். தாள் இல்லாமல் அவளைத் தாண்டி ஒரு சொட்டு உள்ளே போகாது. தாள் என்றால் பில் இல்லை. டிரம்முக்குள் என்ன இருக்கிறது, கண்ணில் பட்டால் என்ன செய்வது, தரையில் கொட்டினால் எதைப் போட்டு எடுப்பது என்று தயாரித்த கம்பெனியே எழுதிக் கொடுக்கும் பாதுகாப்புத் தாள். அதை நீட்டிவிட்டால் தப்பித்தோம் என்று நினைப்பவர்கள் புதியவர்கள். "சரி, இது சாக்கடை வழியா வாய்க்காலுக்குப் போனா மீன் சாகுமா? காலி டிரம்ம யாரு வந்து எடுத்துட்டுப் போவீங்க?" என்று அப்போதுதான் ஆரம்பிப்பாள். தொழிற்சாலைக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் இன்னமும் மீன் இருக்கிறது. அது தன்னால்தான் என்று அவளுக்கு ஒரு நினைப்பு, அதில் பாதி உண்மையும்கூட.

காவலாளி அவள் கட்சியில் இருப்பதற்குக் காரணம் அவருடைய தொண்டை. முன்பு அவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். தரை கழுவும் திரவத்தை எந்த மகராசனோ தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருக்க, இவர் தாகத்துக்கு எடுத்து வாயில் கவிழ்த்தார். கிடங்கில் புதிதாகச் சேர்ந்திருந்த அவள் ஓடிவந்து தட்டிவிடுவதற்குள் ஒரு வாய் உள்ளே போய்விட்டது. உயிர் பிழைத்தார், குரல் போனது போனதுதான். அன்றைக்கு அவளுக்கு வந்த கோபம் இன்றுவரை இறங்கவில்லை.

அந்தக் கோபத்தை அவள் தொழிற்சாலையிலேயே விட்டுவிட்டு வருவதும் இல்லை. வீட்டில் எல்லா பாட்டிலிலும் பெயர் ஒட்டியிருக்கும். பாத்திரம் கழுவும் திரவத்தைக் கணவர் ஒருநாள் வெறும் பாட்டிலில் மாற்றி வைத்தார், மாலைக்குள் அது குப்பைக்குப் போய்விட்டது. "எனக்கும் ஒரு பேரெழுதி நெத்தியில ஒட்டிடேன்" என்றார் அவர். "உங்கள யாரும் எடுத்துக் குடிக்கப் போறதில்ல" என்றாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கொழுந்தன், இருந்த வேலையை விட்டுவிட்டு இயந்திர எண்ணெய் ஏஜென்சி எடுத்தான். மாடியில் மனைவி, மகளோடு குடியிருப்பவன். முதல் ஆர்டரைச் சிக்கலில்லாமல் இறக்காவிட்டால் ஏஜென்சி வேறு ஆளுக்கு என்று கம்பெனி கறாராகச் சொல்லியிருந்தது. அந்த முதல் ஆர்டர், ஊரில் வேறு இடமே இல்லாததுபோல, அண்ணியின் தொழிற்சாலையிலேயே கிடைத்தது. வாங்குகிற பிரிவு தனி, அவளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதை மாமியார் நம்பவில்லை.

"எல்லாம் நீ பாத்துக்குவ" என்றார் மாமியார்.

"பாத்துக்குறேன் அத்தை" என்றாள்.

மாமியாருக்கு நிம்மதியாகிவிட்டது. கொழுந்தனுக்கு ஆகவில்லை. "அண்ணி, திங்கக்கெழம லீவு ஏதும் போடுறீங்களா?" என்று பராக்குப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"இல்லையே, ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

அண்ணிக்கு அழுக்கு என்றால் ஆகாது என்பது அவனுக்குத் தெரியும். அதனால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஏஜென்சிக் கொட்டகையில் உட்கார்ந்து டிரம்களைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கினான். பழைய லேபிள்கள் கிரீஸ் பிடித்து, படிக்க முடியாமல், பார்க்கச் சகிக்கவில்லை. அவற்றின் மேலேயே தான் அச்சடித்து வைத்திருந்த புது லேபிளை ஒட்டினான். ஒரு பச்சை இலை, ஒரு நீலத்துளி, கீழே 'சுற்றுச்சூழலின் நண்பன்'. அண்ணி பார்த்தால் அசந்துபோவாள் என்று நினைத்தான். திங்கட்கிழமை காலை வாசலில் அவள் அசந்துதான் போனாள்.

"இது என்ன இலை?"

"இயற்கை அண்ணி."

"நண்பன்னு யாரு சொன்னது?"

"நான்தான்."

"நீ எனக்குக் கொழுந்தன். சுற்றுச்சூழலுக்கு நீ என்ன வேணும்னு எனக்குத் தெரியாது. கம்பெனி ஒட்டின லேபிள் எங்க?"

"அடியில இருக்கு. அசிங்கமா இருந்துச்சு, மூடிட்டேன். தாளெல்லாம் பக்காவா இருக்கு அண்ணி, பாருங்க."

"இந்தத் தாள் இந்த டிரம்முக்குத்தான்னு நான் எப்படி நம்புறது? உரி. இல்லன்னா வண்டியத் திருப்பு."

அப்படிச் சொல்வது அவளுக்கும் லேசாக இல்லை. கல்யாணமாகி அவள் அந்த வீட்டுக்கு வந்தபோது அரைக்கால் சட்டையில் நின்றவன், அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். இவன் பிழைப்பில் மண் விழுந்தால் முதலில் அழப்போவது அவள்தான். ஆனால் அந்த எண்ணெய் போகிற இடம் அப்படி. அடுப்பிலிருந்து சூடாக வெளியே வரும் பிஸ்கட்டுகளுக்கு நேர் மேலே ஒரு சங்கிலி ஓடுகிறது, அதற்குப் போடுகிற எண்ணெய். என்றைக்காவது ஒரு சொட்டு பிஸ்கட்டில் விழுந்தாலும் தின்பவருக்குக் கெடுதல் வராத ரகமாக இருந்தாக வேண்டும். கேட்டுக்கு உள்ளே அவள் நின்றாள், வெளியே அவன் குந்தினான்.

காவலாளி கெட்டிலில் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். கொழுந்தன் துணியை நனைத்து நனைத்து உரித்தான். பசை மட்டும் நல்ல உயர்ந்த ரகமாகப் பார்த்து வாங்கியிருந்தான் போல, நகம் தேய்ந்ததுதான் மிச்சம். இலை பாதியாகவும் துளி கால்வாசியாகவும் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தன. நடுவில் அவள் போன் அடித்தது.

"என் பிள்ளைய வெயில்ல உக்கார வெச்சிருக்கியாமே" என்றார் மாமியார்.

"நிழல்லதான் அத்தை உக்காந்திருக்கான்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

டிரம் டிரம்மாகத் தாளோடு ஒத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக வந்தது. கடைசி டிரம்மின் லேபிள் உரிந்ததும் அவன் கை நின்றுவிட்டது. கிரீஸைத் துணியால் ஒற்றி எடுத்துப் படித்தான். மறுபடியும் படித்தான்.

"அண்ணி, கொஞ்சம் வெளிய வாங்க."

'கனரக இயந்திரங்களுக்கு மட்டும். உணவுப் பொருள் உள்ள இடங்களில் பயன்படுத்தக் கூடாது' என்று இருந்தது. கம்பெனி கிடங்கில் டிரம்மை மாற்றி ஏற்றியிருக்கிறார்கள். இவன் அதையும் துடைத்து, அதன் மேலும் இலையை ஒட்டியிருக்கிறான்.

சனிக்கிழமைதோறும் அவள் தொழிற்சாலையிலிருந்து உடைந்த பிஸ்கட் ஒரு பை நிறைய எடுத்து வருவாள். அதை வீட்டு வாசலிலேயே காத்திருந்து பிடுங்கிக்கொள்வது அவனுடைய மகள்.

"குட்டி திங்கிற பிஸ்கட்டு" என்றான்.

அவனைத் திட்டுவதற்குக் காலையிலிருந்து அவள் ஒரு மூட்டை சேர்த்து வைத்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் எடுக்கத் தோன்றவில்லை. "மொதல்ல கையக் கழுவு" என்று மட்டும் சொன்னாள்.

கையைக் கழுவிவிட்டு அவன் கம்பெனிக்குப் போன் போட்டான். அந்தப் பக்கத்து ஆள் சத்தமாகப் பேசுகிறவர், அவளுக்கே கேட்டது. "வந்தது வந்துடுச்சு, அதையும் சேத்து எறக்கிடுப்பா. பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும், யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும் சார்" என்றான் கொழுந்தன். "இது வண்டியிலயே திரும்பி வருது. சரியானத அனுப்புங்க. ஏஜென்சிய எடுக்கறதுன்னா எடுத்துக்கங்க."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நெற்றியிலிருந்த கண்ணாடியை அவசரமாக இறக்கிப் போட்டுக்கொண்டாள். தவறு தங்களுடையது என்பதால் அந்த ஆள் சற்று நேரம் முனகினார், பிறகு மாற்றி அனுப்புவதாகச் சொன்னார். ஏஜென்சியை எடுப்பது பற்றி மூச்சுவிடவில்லை. மற்ற டிரம்கள் உள்ளே போயின, அழுக்கு லேபிளோடு.

சாயங்காலம் வீட்டில் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொழுந்தன் மாடியிலிருந்து இறங்கி வந்து, அம்மாவைத் தாண்டி நேரே சமையலறை வாசலில் நின்றான். விரல் நுனியில் பச்சை இலை இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"அண்ணி, மாத்து டிரம் வெள்ளிக்கெழம வருது."

"வரட்டும்."

"அன்னிக்கு நீங்க லீவு ஏதும் போடுறீங்களா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "இல்லையே, ஏன்?"

"போட்டுடாதீங்க" என்றான்.