இருபத்தெட்டு மதிப்பெண்

சென்னவீரப்பா பெண்டூர் கோடையில் தன் அறை ஜன்னலைத் திறப்பதில்லை. திறந்தால் சைலஜா அங்கடியின் குளிர்சாதனம் கக்கும் வெக்கை முகத்தில் அறையும். சைலஜா பக்கத்துக் கட்டடத்து நுண்ணுயிரியல் பேராசிரியை. எருமைத் தயிரில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்கிறார். அவற்றுக்குக் குளிர் வேண்டும் என்று ஆராய்ச்சி நிதியில் இயந்திரம் வாங்கிவிட்டார். பெண்டூர் கன்னடத் துறை. அவருக்கு ஒரு சுவர் விசிறி. அதுவும் இடப்பக்கம் மட்டுமே திரும்பும்.

தார்வாடில் முப்பது வருடமாகச் செய்தி சேகரிக்கிறேன். பல்கலைக்கழகத்தில் நிதி பெற்றவர்களின் பட்டியல் ஆண்டுதோறும் என் மேசைக்கு வரும். இயற்பியல், பொருளியல், சட்டம் என்று எந்தத் துறைக்காரரும் மனுவை அனுப்புமுன் பெண்டூரிடம்தான் கொடுத்து நடையைத் திருத்திக்கொள்வார்கள். பட்டியலில் அவர் பெயர் மட்டும் வந்ததே இல்லை.

"கல்யாணத்துக்குச் சமைக்கிறவன் நான். பந்தியில மட்டும் எனக்கு இலை கிடையாது" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அந்தச் சிரிப்பு கண் வரைக்கும் போகாது.

அவருடைய ஆய்வு வசைச் சொற்கள். வாரச் சந்தைகளில் மிளகாய்க்காரியும் மாட்டுத் தரகரும் ஒருவரை ஒருவர் திட்டுவதை ஓரமாக நின்று எழுதிக்கொள்வார். பதினொரு வருடத்தில் நாலாயிரம் அட்டைகள், செருப்புப் பெட்டிகளில். ஒவ்வொரு அட்டையிலும் நான்கு வரி: வசை, ஊர், சொன்னவர், யாரை நோக்கி. அகராதியாக்க ஒரு வண்டியும் இரண்டு உதவியாளர்களும் வேண்டும். ஐம்பத்தேழு வயதானால் மனுப் போட முடியாது. சென்ற ஆண்டு அவருக்கு ஐம்பத்தாறு. கடைசி வாய்ப்பு என்று மனுப் போட்டார்.

எல்லாத் துறைகளுக்கும் சேர்த்து ஒன்பது நிதிகள். மனுப் போட்டவர்களே மற்றவர் மனுக்களுக்கு மதிப்பெண் போட வேண்டும் என்பது அங்கே விதி. ஒரு மனுவுக்கு வேறு துறைக்காரர்கள் இரண்டு பேர். இரண்டின் சராசரிதான் முடிவு. யாருடைய மனு என்று தெரியாதபடி பெயரைக் கறுப்பு மையால் அழித்திருப்பார்கள்.

பெண்டூருக்கு வந்த மனுவிலும் அழித்திருந்தார்கள். தயிர் என்றதும் சந்தேகப்பட்டவர், ஐந்தாம் பக்கத்துக்கு வந்ததும் எழுந்து நின்றுவிட்டார். தேவையான பொருள்கள்: ஒன்றரை டன் குளிர்சாதனம், ஒன்று.

"இன்னொண்ணா!" என்று சுவரைப் பார்த்துக் கத்தியிருக்கிறார்.

நூற்றுக்கு இருபத்தெட்டு போட்டார். கீழே கருத்தும் எழுதினார்: 'தயிர் உறைவதற்கு மனிதகுலம் இதுவரை பல்கலைக்கழகத்தின் உதவியை நாடியதில்லை.' எழுதி முடித்து இரண்டு முறை படித்து ரசித்தாராம். அன்று இரவு ரொட்டி ஒன்று கூடுதலாகவே இறங்கியதாம்.

பட்டியல் வந்தது. ஏழாவது பெயர் சைலஜா அங்கடி. பெண்டூர் அறுபத்தாறு வாங்கிப் பத்தாவது. நிதி ஒன்பதுதான்.

பதிவாளர் அலுவலக எழுத்தர் குருநாத்தைக் கேன்டீனில் மடக்கிப் பிடித்து, மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்து விசாரித்தார். நானும் அதே மேசையில் இருந்தேன்.

"அந்தத் தயிர் மனு எப்படிப்பா மேல ஏறிச்சு?"

"அதை ஏன் சார் கேக்குறீங்க? ஒருத்தர் அறுபத்துநாலு போட்டிருக்கார். இன்னொரு புண்ணியவான் இருபத்தெட்டு. முப்பதுக்கு மேல வித்தியாசம் வந்தா மூணாவது ஆளுக்குப் போகணும்ல? போச்சு. அவர் எண்பது போட்டார். கிட்ட இருக்கிற ரெண்டை எடுத்து எழுபத்திரண்டு."

"இருபத்தெட்டு?"

"குப்பையில. அந்த ஆள் மட்டும் ஒரு அறுபது போட்டிருந்தா அறுபத்திரண்டோட மேடம் வெளிய, நீங்க உள்ள. பொறாமைப்படவும் ஒரு அளவு தெரியணும் சார்!" குருநாத் சிரித்துக்கொண்டே இரண்டாவது பஜ்ஜியை எடுத்தார்.

பெண்டூர் சிரிக்கவில்லை. ஆறு வருடம் விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் பொறுப்பாளராக இருந்து, இந்த மூன்றாவது மதிப்பீட்டு விதியை மைக்கில் விளக்கியவர் அவர்தான். மாணவர் தாளுக்குத்தானே என்று நினைத்துவிட்டார். அது நிதி மனுவுக்கும் பொருந்தும் என்று தோன்றவில்லை.

ஒரு வாரம் கழித்து சைலஜா அவர் அறைக்கு வந்தார். கையில் ஒரு தாள்.

"சார், நீங்கதான் காப்பாத்தணும். மதிப்பீட்டாளர் கருத்துக்கெல்லாம் பதில் எழுதிக் கொடுத்தாத்தான் நிதி விடுவாங்களாம். ஒருத்தன் என்ன எழுதியிருக்கான் பாருங்க."

பெண்டூர் தாளை வாங்கினார். தட்டச்சு செய்திருந்தார்கள், கையெழுத்து தெரியாது. தன் வாக்கியத்தைப் புதிதாகப் படிப்பதுபோலப் படித்தார்.

"நடை நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"நடையா? கொழுப்பு சார்!"

மோசமாக ஒரு பதில் எழுதிக் கொடுத்திருக்கலாம். அதைத்தான் நினைத்தேன் என்று அவரே என்னிடம் சொன்னார். ஆனால் பேனாவை எடுத்தால் அவருக்கு மோசமாக எழுத வராது. பத்து நிமிடத்தில் எழுதிவிட்டார்: 'தயிர் உறைய எங்கள் உதவி தேவையில்லை. ஒரே பாலில் உறைந்த இரண்டு சட்டிகளில் ஒன்று ஏன் கெட்டுப்போகிறது என்பதைத்தான் இதுவரை யாரும் கேட்கவில்லை.'

சைலஜா படித்தார். முகம் மலர்ந்தது. அந்த ஆளின் நினைவு வந்ததும் மறுபடி சுருங்கியது. சைலஜா விஜயபுரப் பக்கத்துக் கிராமத்துக்காரர். பேராசிரியை என்பதெல்லாம் ஒரு நொடி விலகிப்போனது.

"அவன் அடுப்புல வெந்த ரொட்டி அடுத்தவன் வாய்க்குப் போக!"

பெண்டூர் நிமிர்ந்து பார்த்தார். ஏற்கெனவே பலித்துவிட்ட வசை. ஆனால் நாலாயிரம் அட்டைகளில் இது இல்லை. கை தன்னால் இழுப்பறைக்குப் போய் ஒரு வெற்று அட்டையை எடுத்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்க, மேடம்."

"அட, விடுங்க சார்! எங்க அம்மா சொல்றது, கோவத்துல வந்திடுச்சு."

"வெட்கப்படாதீங்க. மெதுவாச் சொல்லுங்க."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார், இவர் எழுதினார். சொன்னவர், ஊர் எல்லாம் எழுதியாயிற்று.

"யாரை நோக்கின்னு என்ன போடட்டும்?"

"எவன்னு தெரிஞ்சாத்தானே?"

மே மாதம் இரண்டாவது குளிர்சாதனம் வந்தது. அதன் வாயும் அவர் ஜன்னலைப் பார்த்துத்தான். அந்த வெக்கையில் உட்கார்ந்துதான் அந்த அட்டையை எனக்குக் காட்டினார். நான்காவது வரியில் சின்ன எழுத்தில் இருந்தது: செ. பெண்டூர்.