வொசோத்ரோஸ் என்றழைத்தவர்

எண்பதுகளின் கடைசியில், லண்டன் ஹோட்டல் ஒன்றின் நிலவறை லாண்டரியில் வேலை செய்தேன். அங்கே இஸ்திரி போட்டவர் ஸ்பெயின் நாட்டு அம்மா ஒருவர். நெடிய உருவம், மணிக்கட்டில் பழைய சூட்டுத் தழும்பு. தேநீர் நேரத்தில் தோடம்பழம் உரித்து, எனக்கும், கூட வேலை செய்த, அவரைப் போலவே ஸ்பானிஷ் பேசும் கொலம்பியனுக்கும் சுளைகளை நீட்டி, "வொசோத்ரோஸ், சாப்பிடுங்கோ" என்பார்.

நெருங்கியவர்களைச் சேர்த்துக் கூப்பிடும் 'நீங்கள்' அது என்று அவரே எனக்குச் சொல்லித் தந்திருந்தார். தள்ளி நிற்பவர்களுக்கு வேறு சொல்: உஸ்தேதெஸ். நம் தமிழில் இரண்டுக்கும் ஒரே 'நீங்கள்'தான்.

ஒருநாள் கொலம்பியன் விழுந்து விழுந்து சிரித்தான். "எங்கட ஊரில பாதிரியார் பைபிள் வாசிக்கேக்கதான் வொசோத்ரோஸ் கேட்கும். நாங்கள் பெத்த பிள்ளையளையும் உஸ்தேதெஸ் எண்டுதான் கூப்பிடுவம்."

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். மறுநாளும் சுளைகள் வந்தன. கூட வந்த சொல் உஸ்தேதெஸ்.

கொலம்பியனுக்குச் சந்தோஷம். அவனுக்கு அது வீட்டுச் சொல். எனக்கோ, நீ, வா, போ என்று பேசிய அக்கா திடீரென்று "நீங்கள் வாங்கோ" என்றதுபோல் இருந்தது.

"கோவமோ?" என்று அந்த அம்மாவிடம் தனியாகக் கேட்டேன்.

"இல்லை. அவனுக்கு அதுதானே பழக்கம்."

எனக்கு எது பழக்கம் என்று கேட்க வாய் வரவில்லை.

அவர் வேலையை விட்ட நாளிலும் எங்கள் இருவரையும் பார்த்து, "உஸ்தேதெஸ், நல்லா இருங்கோ" என்றார். கொலம்பியன் அவரைக் கட்டிப்பிடித்தான். நான் கை கொடுத்தேன். போனவர் அவர்தான். வாசலுக்கு வெளியே விடப்பட்டவன் நான் என்றே இன்றும் படுகிறது.