இரண்டு முனைக் கொடி

"...நாலு மூலை இல்லாம ஒரு கொடி உண்டா யக்கா? அச்சடிக்கயில தாளு எங்கனயோ நகண்டிருக்கு. நாஞ் சரி பண்ணிட்டேன், பாருங்க" என்றபடி கட்டிங் மாஸ்டர் ஒரு தாள்கட்டைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

திருத்தங்கல்லில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் பிரிவைப் பார்த்துக்கொள்பவள் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, அச்சாகி வருகிற தாள்களை எழுத்துக்கூட்டியே மிச்சத்தைக் கற்றேன். கணக்கு மறக்கும், வைத்த இடம் மறக்கும். ஒருவர் வாயால் சொன்னதை மட்டும் நான் மறப்பதில்லை. அன்று அவர் சொன்ன இந்த வார்த்தையும் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

கட்டைப் புரட்டினேன். சிவப்புத் தாளில் நீலக் கரை, மேலே நிலா, கீழே சூரியன். ஆனால் வலது பக்கம் கத்தி வைத்தாற்போல் நேராக முடிந்திருந்தது. கத்திதான் வைத்திருக்கிறார். கட்டிங் மெஷினில் ஆயிரம் தாளையும் அடுக்கி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த எதையோ சீவித் தள்ளியிருக்கிறார்.

டிசைன் செய்யும் பெண் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தாள். கட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அண்ணே, அது நேபாளம்ணே."

"இருக்கட்டும். அதுக்கென்ன?"

"அந்த நாட்டுக் கொடியே அப்படித்தாண்ணே. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா ரெண்டு முனை இருக்கும். நீங்க ரெண்டு முனையையும் வெட்டிட்டீக."

அவர் சிரித்தார். தன்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்தார். அவள் போனில் படத்தைக் காட்டிய பிறகு சிரிப்பு போய்விட்டது. இருபது வருடமாக அந்த மெஷினில் நிற்கிற மனிதர். வெட்டுத்தாளில் ஒரு நூல் பிசகினாலும் பொறுக்கமாட்டார். கல்யாணப் பத்திரிகை ஓரம் கோணினால் மாப்பிள்ளை கோணலாகத் தெரிவார் என்பார். அப்படிப்பட்டவர் தரையில் கிடந்த கழிவுக் குவியலைப் பார்த்தபடி நின்றார். சிவப்பும் நீலமுமாய் ஆயிரம் ஆயிரமாக முனைகள் அங்கே கிடந்தன.

மதுரையில் நான்கு நாட்டுப் பிள்ளைகள் ஆடும் கால்பந்துப் போட்டி. இந்தியா, இலங்கை, பூடான், நேபாளம். எல்லாம் பதினைந்து வயதுக்குட்பட்ட பெண்பிள்ளைகள். பார்க்க வருகிறவர்கள் கையில் ஆட்ட, நாட்டுக்கு ஆயிரம் காகிதக் கொடி எங்களுக்கு ஆர்டர். மறுநாள் மூன்று மணிக்கு முதல் ஆட்டம். அதில் ஆடுவதே நேபாளமும் பூடானும்தான்.

நேபாளக் கொடி உண்மையில் பஞ்சிங்குக்குப் போகவேண்டியது. மூலை நெளிந்த உருவத்தை வெட்ட, அதே உருவத்தில் இரும்புப் பட்டையை வளைத்து ஒரு டை செய்து வைத்து அழுத்துவார்கள். பஞ்சிங் ஆள் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு லீவு போட்டிருந்தார். அவர் மேசையில் கிடந்த கட்டை, பாவம் கிடக்கிறதே என்று மாஸ்டர் எடுத்து உதவி செய்திருக்கிறார்.

டை செய்பவர் விருதுநகர்க்காரர். போன் போட்டேன். பின்னால் கொட்டுச் சத்தம் காதை அடைத்தது. "காப்புக் கட்டியிருக்கேன் தாயி. நாளைக்கு அக்கினிச்சட்டி. ஆத்தாளே வந்து ஆர்டர் குடுத்தாலும் பொங்கல் முடிஞ்சுதான்" என்று வைத்துவிட்டார்.

பைண்டிங்கில் என்னோடு பதினோரு பெண்கள். அவர்கள் வாய்க்கு அன்று நல்ல தீனி.

"இருவது வருசமா ஒரு தாளு வீணாக்காத மகராசன். வீணாக்குனாலும் வீணாக்குனாக, ஒரு நாட்டையே வீணாக்கிட்டாக."

"ஏட்டி, இமயமலையவே சீவிட்டாகடி!"

மற்ற நாளாக இருந்தால் மாஸ்டர் பதிலுக்கு நாலு கொடுத்திருப்பார். அன்று குனிந்து கழிவுக் குவியலைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்.

முதலாளி வந்து பார்த்தார். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "சரி விடுங்கப்பா. மத்த மூணையும் அனுப்பிருவோம். நேபாளத்துக்கு இங்கன யாரு கொடி புடிக்கப்போறா? அந்தப் பிள்ளைக கவனிக்கவா போகுது?"

அப்போதுதான் மாஸ்டர் பேசினார். "கவனிக்கும் மொதலாளி. எம் மகளுக்கும் பதினாலு வயசுதான். பந்தியில நாலு பேரு ஒக்காந்து மூணு இலையிலதான் சோறு விழுந்துச்சுன்னா, நாலாவது இலைக்காரி கவனிக்காமலா இருப்பா? அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்கு. நாளைக்கு மூணு மணிக்குள்ள அந்தக் கொடி அங்கன இருக்கும்."

"எப்பிடி?"

"அதத்தான் யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே டீ குடிக்கப் போனார்.

கத்தரியால் வெட்டலாமா என்று நாங்கள் பார்த்தோம். பத்துக் கொடி வெட்டுவதற்குள் பத்தும் பத்து விதமாக வந்தது. ஒன்று பல்லிபோல் இருந்தது. அதற்குள் மாஸ்டர் திரும்பி வந்தார். போனவர் வேறு, வந்தவர் வேறு. டீயைக் குடித்தாரா என்றே தெரியவில்லை.

"யக்கா, தெருவுல பொங்கலுக்குத் தோரணம் கட்டியிருக்கு, பாத்தீகளா?"

"தெனமும்தான் பாக்கேன்."

"நானும்தான் பாக்கேன். அம்புட்டும் முக்கோணம். இந்த மெஷின்ல நாந்தான் வெட்டுனேன். இந்தக் கொடி என்ன? மேல ஒரு முக்கோணம், கீழ ஒரு முக்கோணம். ஒண்ணா வெட்டுனாத்தானே டை வேணும்? தனித்தனியா வெட்டி ஒட்டிட்டா?"

ஒரு பழைய காலண்டர் அட்டையை எடுத்து வெட்டி, ஒரு முக்கோணத்தின் அடியில் இன்னொன்றின் தலையைச் செருகிக் காட்டினார். நாங்கள் பன்னிரண்டு பேரும் கத்தரியைக் கீழே வைத்தோம்.

டிசைன் பெண் அரைமணி நேரத்தில் படத்தை இரண்டாகப் பிரித்துவிட்டாள். ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் நீலக் கரையை அழித்து, ஒட்டு தெரியாதபடி செய்தாள். மதியச் சாப்பாட்டுக்குள் மறு அச்சும் ஓடியது. மாஸ்டர் மெஷின் பலகையில் மரத்தில் செய்த ஆப்பு ஒன்றைச் சாய்வாக வைத்து, தாள்களைத் தட்டி அடுக்கினார். முதல் வெட்டுக்கு முன்னால் டிசைன் பெண்ணைக் கூப்பிட்டார்.

"நீ பாத்துச் சொல்லு தாயி. இனி நீ சொல்லாம நான் கத்திய எறக்க மாட்டேன்."

"எறக்குங்கண்ணே."

கத்தி இறங்கியது. நீளக் கட்டம் குறுக்கே பிளந்து, இரண்டு முக்கோணமாக விலகியது. முனை ஊசிமாதிரி இருந்தது. அதன் பிறகு அவர் நிமிரவே இல்லை. நாங்கள் மைதாப் பசையும் மூங்கில் குச்சியுமாக வரிசையாக உட்கார்ந்தோம். ஒருத்தி கீழ் முக்கோணம், ஒருத்தி மேல் முக்கோணம், ஒருத்தி குச்சி. முதல் கொடி கைக்கு வந்ததும் டிசைன் பெண் போனை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "அண்ணே, டை போட்டிருந்தாக்கூட இம்புட்டுச் சுத்தமா வந்திருக்காது." பொழுது சாய்வதற்குள் ஆயிரமும் முடிந்து, பெட்டியில் ஏறிவிட்டன.

மறுநாள் அச்சகத்துக்குப் பொங்கல் லீவு. கொடியை வேனில் ஏற்றும்போது பெண்களும் ஏறிவிட்டார்கள். "பெத்த பிள்ளையத் தனியா அனுப்புறதா?" என்றாள் ஒருத்தி. முதலாளிக்கு அதற்குமேல் பேச வழியில்லை.

மைதானத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நிறைய வந்திருந்தார்கள். அத்தனை பேரும் இந்தியக் கொடியைத்தான் கேட்டார்கள். முதல் ஆட்டத்தில் இந்தியாவே இல்லை என்று சொன்னாலும் கேட்கவில்லை. முதலாளி சொன்னது சரியாகிவிடுமோ என்று எனக்குப் பயம் வந்தது. மாஸ்டர் நேபாளப் பெட்டியை உடைத்தார். "ஏ, ஒட்டுன கையிதானே? நீங்களே புடிங்க" என்று பதினோரு பேர் கையிலும் கொத்துக் கொத்தாகத் திணித்தார்.

நேபாளத்துப் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். கேலரியைப் பார்த்து ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். அவள் அடுத்தவளை இடித்தாள். சேலை கட்டிய தெற்கத்திப் பெண்கள் ஒரு வரிசை முழுக்கத் தங்கள் கொடியோடு நிற்பதை அந்தக் குழந்தைகள் நம்பமுடியாமல் பார்த்தார்கள். மாஸ்டர் என் முழங்கையைப் பிடித்தார். "கவனிச்சிருச்சு யக்கா."

கால்பந்து எங்களில் யாருக்கும் தெரியாது. பந்து வலைக்குள் போகவேண்டும், அவ்வளவுதான். ஆட்டக்காரிகள் பெயரும் தெரியாது. ஆனால் பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் பெயர் வைத்தாகிவிட்டது.

"ஏட்டி ஒத்தச்சடை, ஓடுடி! மச்சான் வீட்டுக்கா போற, மெதுவா நடக்க?"

"அந்தக் குட்டப்பிள்ளைக்குக் குடு தாயி! அது சும்மாதானே நிக்கி!"

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஆட்டத்தைவிட எங்கள் வரிசை வேடிக்கையாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்து, நேபாளக் கொடி கேட்டார்கள். பாதி ஆட்டத்துக்குள் பெட்டி காலி. கேலரியே சிவப்பாகிவிட்டது. பூடான் பிள்ளைகளும் விட்டுக்கொடுக்கவில்லை; இரண்டு முறை பந்து கம்பத்தில் அடித்துத் திரும்பியது. கடைசிச் சில நிமிடங்களில் ஒற்றைச்சடை பந்தைத் தள்ளிக்கொண்டே ஓடி, இரண்டு பேரைத் தாண்டி, சாய்ந்து விழுந்தபடியே உதைத்தாள்.

வலை உப்பியது.

அந்தச் சத்தத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. பக்கத்தில் நின்றவளைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். யாரென்று பார்த்தால் முன்பின் தெரியாத ஒரு டீச்சர்.

ஆட்டம் முடிந்ததும் அந்தப் பிள்ளைகள் நேராக எங்கள் பக்கம் ஓடிவந்தார்கள். ஒற்றைச்சடை கம்பிவேலிக்கு மேலே கை நீட்டி, மாஸ்டர் கையிலிருந்த கொடியை வாங்கினாள். மேல் முனையைத் தொட்டாள். கீழ் முனையைத் தொட்டாள். திருப்பிப் பார்த்தாள். மாஸ்டர் அவள் விரல் போகிற இடத்தையே பார்த்தார். அவள் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு தன் கூட்டத்தை நோக்கி ஓடினாள். மொத்தக் கூட்டமும் அவளைச் சுற்றிக் குதித்தது.

"பாத்தீகளா மாஸ்டரு? ஒரு கொறையும் சொல்லலயே!" என்று பெண்கள் அவரை உலுக்கினார்கள்.

அவர் மைதானத்தின் அந்தக் கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பூடான் பிள்ளைகள் புல்லில் உட்கார்ந்து, முகத்தைச் சட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பக்கக் கேலரியில் ஆளே இல்லை.

மாஸ்டர் குனிந்து, யாரும் கேட்காமல் கிடந்த பூடான் கொடிப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, வேலியோரமாக அந்தக் கோடியை நோக்கி வேகமாக நடந்தார்.