ஜேர்மன் ஆட்டக்காரரின் தலைமயிர்

1974 ஜூலை 13, சனிக்கிழமை, காலை ஒன்பது நாற்பது. தூறல், கடுங்குளிர். ஆஸ்திரேலியாவின் டண்டினொங்கில் ஒரு ஸ்டூடியோ வாசலில் மனைவியின் தம்பியோடு நின்றேன்.

யாழ்ப்பாணத்தில் அவருக்குப் பெண் பார்த்திருந்தார்கள். சாதகம் பொருந்திவிட்டது, படம் அனுப்ப வேண்டும். வயது முப்பத்திரண்டு. ஏற்கெனவே நான்கு சம்பந்தங்கள் தவறிவிட்டன. இதுவும் தவறினால் ஆறாவதைத் தேட எனக்கும் மனைவிக்கும் தெம்பில்லை.

இடைஞ்சல் அவருடைய தலைமயிர். தோளுக்குக் கீழே நான்கு அங்குலம். ஆறு நாட்களுக்கு முன் உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்தை வென்ற ஜேர்மன் அணியின் நடுக்கள ஆட்டக்காரர் ஒருவரின் பாணி அது. மைத்துனரின் தொழிற்சாலைக் கன்ரீன் சுவரில் அந்த மனிதரின் படம் மூன்று இடத்தில் இருந்தது. ஜேர்மன்காரர், கிரேக்கர், இத்தாலியர் என்று பதினொரு பேர் அதே தலையோடு திரிந்தார்கள். பன்னிரண்டாவது எங்கள் ஆள். முதல் ஒன்றரை வருடம் அங்கே தனியே இருந்து சாப்பிட்டவர். மயிர் வளர்ந்தபின் அந்த ஆட்டக்காரரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, தங்கள் மேசையில் ஒரு கதிரையும் பிடித்து வைத்தார்களாம்.

வெட்டிவிட்டுப் படம் எடுப்போம் என்று வாசலில் கடைசியாக ஒருமுறை கேட்டேன்.

"அத்தான், தலையைப் பார்த்து வேண்டாம் எண்டுற ஆக்கள் எனக்கும் வேண்டாம்."

அப்படியே எடுத்தோம். எனக்கு மனம் கேட்கவில்லை. உலகமே கொண்டாடுகிறவரும் இப்படித்தான் வைத்திருக்கிறார் என்று மூன்று பக்கம் எழுதி, பத்திரிகையில் வந்த அவர் படத்தையும் வெட்டி உள்ளே வைத்தேன். பிழை அங்கேதான். பத்தொன்பதாம் நாள் பெண்ணின் தகப்பனிடமிருந்து பதில் வந்தது. நிரந்தர வேலைக்காரர் என்று நம்பினோம், பந்தடித்துத் திரிபவர் என்று இப்போதுதான் அறிகிறோம் என்று எழுதியிருந்தார். இருவரும் ஒரே அணி என்று எடுத்துக்கொண்டார்கள்.

தந்தி கொடுத்து அந்தத் தகப்பனைத் தபாற்கந்தோருக்கு வரச்சொல்லி, தொலைபேசி இணைப்புக்கு இரண்டு மணி இருபது நிமிடம் காத்திருந்தேன். கிடைத்தது மூன்று நிமிடம். மாப்பிள்ளை ஒரு நாளும் பந்தைத் தொட்டதில்லை என்றேன். அது உண்மை.

"அப்ப ஏன் அந்தத் தலை?" என்றார்.

கன்ரீன் கதிரையின் கதை மிச்சமிருந்த நேரத்துக்குள் சொல்லக்கூடியதல்ல. வெட்டின படம் வந்தால் நாள் வைக்கலாம் என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

மைத்துனரிடம் சொன்னேன். ஏழாம் நாள் பின்னேரம் இரண்டு காதும் தெரிய வந்து எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்தார். மனைவி சோற்றை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

கலியாணம் தை மாதத்துக்கு நிச்சயமானது. வேலைக்குக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு போனார். வெயில் வந்ததும் கழற்றவேண்டி வந்தது. மேசையிலிருந்து அவரை யாரும் எழுப்பவில்லை. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது நின்றது. அவருடைய சொந்தப் பெயர் அவர்கள் வாயில் வரவில்லை. அதனால் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள்.

மயிர் வெட்டின காசை அவர் என்னிடம் வாங்கவில்லை. இரண்டு படம், தபால், தந்தி, தொலைபேசி எல்லாம் சேர்த்து என் கையால் போனது முப்பத்தொரு டொலர் நாற்பது சதம்.